கூக்கபரா ஹோட்டலின் இறைச்சித் தட்டம்

அந்த வெள்ளிக்கிழமை மாலை கூக்கபரா ஹோட்டலில் இருந்தவர்கள்: நான், சூசைதாசன், என் மனைவி பற்றிமா, எங்கள் ஒரே மகள் டிலக்சி, அவளுடைய கணவர் விவேக், ஹோட்டலை விற்றுக்கொண்டிருந்த றொஸ், குலுக்கல் சீட்டு விற்கும் ஷெரில், வெள்ளிக்கிழமைச் சங்கத்தின் தலைவர் நோயல், நோயலின் காலடியில் அவருடைய கிழட்டு நாய் டச்சஸ். சங்கத்தைச் சேர்ந்த வேறு சிலர் பியர்க் கிளாஸ்களோடு சுற்றி நின்றார்கள். குதிரைப் பந்தயத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் தலையைத் திருப்பவேயில்லை.

இவர்களைத் தவிர, தானும் அங்கே நின்றதாகச் சொல்லும் எவரும் அங்கே நிற்கவில்லை. குறிப்பாக, டூங்கபியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் இந்திரகுமார் நிற்கவில்லை. அவர் சொல்லும் கதையில் நான் மேசையில் ஓங்கி அடிக்கிறேன். நான் என் வாழ்நாளில் எந்த மேசையிலும் அடித்தவனல்லன். ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன். அங்கே பேசப்பட்டதில் பெரும்பகுதி ஆங்கிலம். அதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன். இங்கே முப்பது வருடம் அந்தப் பாஷையைக் கேட்டவனுக்கு அந்த உரிமை உண்டு.

இந்த நாட்டில் ஊரார் குடிக்கப் போகும் தவறணைக்கு ஹோட்டல் என்று பெயர். தங்குவதற்கு அறை கேட்டால் சிரிப்பார்கள். கூக்கபரா எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிவப்புச் செங்கல், பச்சைத் தகரக் கூரை, முன்னால் அகலமான வராந்தா. முப்பது வருடமும் அதைக் கடந்துதான் ஸ்ரேசனுக்குப் போனேன். ஒரு தடவையாவது உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. மன்னார் அரசாங்கக் கச்சேரியில் தலைமை இலிகிதராக இருந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் இரண்டு குருமார், ஒரு கன்னியாஸ்திரி. இங்கேயும் கோயில் திருவிழாவில் கொடிக்கயிறு என் கையைத் தொடாமல் ஏறியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், மாசி மாதத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது டிலக்சி சொன்னாள்:

"அப்பா, நாங்கள் கூக்கபராவை எடுக்கப் போறம்."

"எடுத்து?"

"நடத்தப் போறம்."

"தவறணையோ?"

"பப், அப்பா."

"பெயரை மாத்தினால் மணம் மாறுமோ, பிள்ளை?"

பற்றிமா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விவேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விவேக் கும்பகோணத்துப் பிள்ளை, கணினி வேலை, மரியாதை தெரிந்தவர். இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். அவர் மெதுவாகச் சொன்னார்: "மாமா, அவ பதினஞ்சு வருஷமா மத்தவங்க ஹோட்டலைத்தான் நடத்திக் கொடுத்துட்டிருக்கா. நல்லா நடத்துறா. தனக்குன்னு ஒண்ணு நடத்தட்டுமே."

அது உண்மை. நகரத்தின் பெரிய விடுதிகளில் சமையல்காரரையும் பரிமாறுவோரையும் கட்டி மேய்த்தவள் அவள். கல்யாண விருந்தொன்றில் மின்சாரம் நின்றபோதும் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு சூட்டோடு வந்ததாம். நான் அதை மறுக்கவில்லை. நான் கேட்டது வேறு.

"வாசலிலை ஆற்றை பெயர் போடுவினம்?"

இந்த மாநிலத்துச் சட்டப்படி, லைசென்ஸ் வைத்திருப்பவரின் பெயர் வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். றொஸ்ஸின் பெயர் கதவுக்கு மேலே வெள்ளை எழுத்தில் இருப்பதை நான் தெருவிலிருந்தே படித்திருக்கிறேன். டிலக்சி கல்யாணத்துக்குப் பிறகும் என் பெயரையே தன் பெயரோடு வைத்திருந்தவள். தவறணை வாசலில் ஏறப்போவது என் பெயர்.

"வியாபாரம் உன்ரை விருப்பம்," என்றேன். "சூசைதாசன் எண்ட பெயர் அந்தக் கதவுக்கு மேலை ஏறாது. உன்ரை மனுசன்ரை தகப்பன்ரை பெயரைப் போடு. மகாதேவன். நல்ல பெயர்தானே."

விவேக்குக்கு இருமல் வந்துவிட்டது. "மாமா, எங்கப்பாகிட்ட நேத்தே கேட்டேன். 'பார் வாசல்ல என் பேரா? நான் செத்த பிறகு வச்சுக்கோ'ன்னு போனை வச்சுட்டாரு."

பெயர் விஷயம் அப்படியே தொங்கியது. தங்கள் வீட்டை ஈடு வைத்து ஒப்பந்தம் எழுதினார்கள். ஈஸ்ரருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சாவி கைமாறுவதாக முடிவானது.

அதற்கு முன்னர் றொஸ் ஒரு யோசனை சொன்னாராம். கூக்கபராவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் உயிர், அது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஊர்க்காரரின் சங்கம் கூடும். சுவர்ப் பலகையில் அம்பு எறிவார்கள், சாப்பிடுவார்கள், பிள்ளைகளின் கிரிக்கெட் அணிக்காகக் குலுக்கல் நடத்துவார்கள். அந்தச் சங்கம் வேறு இடம் பார்த்தால், வாங்குகிறவருக்கு மிஞ்சுவது கட்டடம் மட்டுமே. ஆகவே குடும்பமாக வந்து அவர்களைச் சந்தியுங்கள் என்றார் றொஸ்.

"அப்பா, நீங்கள் வரவேணும்," என்றாள் டிலக்சி.

"ஏன், என்னைக் காட்டி வித்துத் தரவோ?"

"வயதான ஆக்கள் வந்தால் மதிப்பு."

அது சரியான பதில். போனேன்.

தவக்காலத்துக் கடைசி வெள்ளிகளில் ஒன்று அது. கோயிலில் சிலுவைப்பாதை முடித்து, கோட்டும் ரையுமாக நேரே அங்கே போனோம். ஒரு குடும்பம் இன்னொரு கூட்டத்துக்கு முன்னால் முதல் தடவை நிற்கும்போது தகப்பன் ஒழுங்காக உடுத்திருக்க வேண்டும். அங்கே மற்ற ஆண்கள் எல்லோரும் அரைக்காற்சட்டை. உயரமான முக்காலி ஒன்றைக் காட்டினார்கள். நான் கதிரை கேட்டேன். றொஸ் சாப்பாட்டு அறையிலிருந்து தானே தூக்கி வந்து போட்டார். நல்ல மனிதர். இஞ்சி பியர் என்று ஒன்று தந்தார்கள். பெயரில் மட்டும்தான் பியர்.

நான் எதிர்பார்த்தது குடிகாரரை. கண்டது விசாரணைச் சபை. ஒவ்வொருவராக டிலக்சியிடம் வந்தார்கள்.

"இடிச்சுப்போட்டு பிளாற் கட்டப் போறியளோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை. கட்டிறதெண்டால் ஏன் சமையலறைக்குப் புது அடுப்பு ஓடர் பண்ணிறன்?"

"சூதாட்ட மெசினைக் கூட்டுவியளோ?"

"இருக்கிறதையே குறைக்கலாமோ எண்டு பாக்கிறன்."

"அப்ப பியர் விலையைக் கூட்டுவியள்."

"அதை எனக்கு முதல் றொஸ் கூட்டிப்போட்டார்," என்றாள். றொஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

ஷெரில் என்ற அந்த அம்மையார் இடுப்பில் காசுப்பை கட்டியிருந்தார். அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. "பிள்ளை, நான் கல்யாணம் கட்டின நாளிலை இருந்து பெண்கள் கழிவறைக் கதவு பூட்டுதில்லை. நான் ரெண்டாந்தரமும் கட்டிப்போட்டன். நீயாவது ஒரு கொளுக்கி போடுவியே?"

"முதல் வேலை அதுதான், ஷெரில்."

றொஸ் முகட்டைப் பார்த்தார்.

நோயல் கடைசியாக வந்தார். எங்கள் ஊரிலும் நோயல்கள் உண்டு. ஆனால் இவரைப் போல முழங்கால் வரை காலுறை போட்டு, வாசல் நிறைய நிற்கும் நோயலை நான் கண்டதில்லை. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம்.

"வெள்ளிக்கிழமை என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை இருக்கிற மாதிரியே இருக்கும்," என்றாள் டிலக்சி.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். அடுத்த ஊர்ப் பப்பை எடுத்தவையும் சொன்னவை. இப்ப அங்கை வைன் பார். ஒலிவ் காய்க்குத் தனிக் காசு. நாயை வராந்தாவிலையும் விடீனமில்லை."

"டச்சஸ் இல்லாட்டி அந்த வராந்தா எதுக்கு?"

நோயலின் முகம் கொஞ்சம் இளகியது. அவள் என் மகள். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள். அந்த மட்டில் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு நிலவறையில் பியர்க் குழாய்களைக் காட்டுவதற்கு றொஸ் அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

ஷெரில் சீட்டுக் கட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு என்றால் மறுக்கக்கூடாது. நான் ஒரு நீலச் சீட்டு வாங்கினேன். பரிசு என்ன என்று கேட்கவில்லை. தானத்துக்கு வாங்கும் சீட்டில் பரிசை விசாரிப்பது அற்பத்தனம். அந்த நேரத்தில் விவேக் சமையலறை யன்னலில் நின்று, உருளைக்கிழங்கு பொரிக்கிற எண்ணெயில் கோழியும் பொரிப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பலர் அதைக் கவனித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஷெரில் ஒலிவாங்கியில் கூவினார்: "நீலம், எழுபத்தொண்டு!"

பற்றிமா என் முழங்கையைத் தட்டினாள். "இஞ்சருங்கோ, அது உங்கடை."

கைதட்டினார்கள். புதியவருக்கு விழுந்ததில் அவர்களுக்கு மெய்யான சந்தோசம் என்றே நினைக்கிறேன். ஷெரில் இரண்டு கையாலும் ஒரு பெரிய தட்டத்தை ஏந்தி வந்தார். மேலே கண்ணாடித் தாள் சுற்றியிருந்தது. உள்ளே மாட்டிறைச்சித் துண்டங்கள், ஆட்டு விலா, சோசேஜ் மாலை, பன்றி இறைச்சி. நடுவில் அலங்காரத்துக்கு ஒரு கொத்துக் கீரை.

எங்கள் வீட்டில் தவக்காலம் முழுவதும், விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்ரர் வரை, இறைச்சி இல்லை. என் தகப்பன் காலத்திலிருந்து அப்படி. இந்த நாட்டுக் கோயிலில் அவ்வளவு கட்டாயமில்லை என்கிறார்கள். கட்டாயமில்லாததைக் காப்பதுதான் நோன்பு. இன்னொரு ஒழுங்கும் உண்டு. நோன்பிருப்பவன் அதை வெளியே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது. சொன்ன நோன்பு நோன்பல்ல. என் வீட்டில் அதைச் சொல்லி இரக்கம் வாங்கியவரோ புகழ் வாங்கியவரோ கிடையாது.

நான் எழுந்து நின்றேன். "நன்றி. இதை என்னால் தொட முடியாது," என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். உட்கார்ந்தேன்.

கைதட்டல் நின்றது. ஷெரில் தட்டத்தோடு நடுவில் நின்றார்.

நோயல் அறையின் மறுபக்கத்திலிருந்து கேட்டார்: "என்ன சிநேகிதா, சைவமோ?"

பெயர் சொல்லி எனக்கு அறிமுகமாகாத ஒருவர் அறைக்குக் குறுக்காகக் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய கண்கள் என்னைவிட்டு சமையலறை யன்னலில் நின்ற விவேக்கிடம் போயின. விவேக் கையில் உருளைக்கிழங்கும் தக்காளிச் சோசும்.

ஷெரில் இன்னொரு சீட்டு எடுத்தார். அது நோயலுக்கு விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. நாங்கள் விளக்கு அணைக்கும் வரை இருந்தோம். இடையில் எழுந்து போவது ஓடுவது போலாகும்.

திங்கட்கிழமை டிலக்சி வீட்டுக்கு வந்தாள், கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, ஊர் முழுக்கக் கதை. கூக்கபராவைச் சைவக் கடையாக்கப் போறமாம். ஸ்ரேக் இல்லையாம், குலுக்கல் இல்லையாம். இன்னும் கொஞ்ச நாளிலை பியரும் இல்லையாம்."

"பொய்தானே. பிறகென்ன?"

"பொய் எண்டு நான் எப்பிடிச் சொல்லிறது? 'உன்ரை தகப்பன் தொடமாட்டன் எண்டவர், உன்ரை மனுசன் கோழி எண்ணெய் எண்டு விசாரிச்சவர்' எண்டு கேக்கினம். லென்ற், தவக்காலம் எண்டு நான் ஒரு வார்த்தை சொல்லிப் போட்டால் முடிஞ்சிது."

"சொல்லாதை."

"அப்பா!"

"என்ரை நோன்பை நீ தவறணையிலை போய் விளம்பரம் செய்யிறதோ? உனக்கு நான் அதையோ பழக்கினனான்?"

பற்றிமா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "தம்பட்டம் அடிக்க வேண்டாம். வாயைத் திறந்தால் காணும். 'இண்டைக்கு வேண்டாம்' எண்டு சொல்லியிருந்தாலும் அந்தச் சனத்துக்கு விளங்கியிருக்கும். 'தொட மாட்டன்' எண்டால் ஆர் என்ன நினைக்கும்? பிணத்தைக் கொண்டு வந்த மாதிரி முகத்தை வேறை வைச்சிருந்தியள்."

"என்ரை முகம் அப்பிடித்தான்."

"அது எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதே."

டிலக்சி கதிரையில் இருந்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஈஸ்ரருக்குப் பிறகு வாற வெள்ளிக்கிழமை சங்கம் கை உயர்த்தி முடிவெடுக்குதாம், கூக்கபராவிலை இருக்கிறதோ, பௌலிங் கிளப்புக்குப் போறதோ எண்டு. அவை போனால் நான் புது அடுப்பிலை ஆருக்குச் சமைக்கிறது? வீட்டை ஈடு வைச்சிருக்கிறம், அப்பா."

நான் சொன்னதை மாற்றவில்லை. அவளும் என் சொல்லை மீறவில்லை. கடைசி வரை யாரிடமும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. என் மகள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் இந்திரகுமாரின் கடைக்குக் கருவாடு வாங்கப் போனேன். நாலு பேருக்கு முன்னால் அவர் தொடங்கினார்.

"அண்ணை, தவறணை எடுத்திட்டியளாம்?"

"என்ரை மகள் எடுத்திருக்கிறா."

"உங்கடை பெயரும் வாசலிலை வருமாம். கோயில் கொடியிலை ஒரு கை, பியர்ப் பைப்பிலை மற்றக் கை எண்டு சனம் பகிடி பண்ணுது."

"எந்தச் சனம்? பெயரைச் சொல்லும்."

அவர் கருவாட்டை நிறுத்தார். "நான் சொல்லேல்லை, அண்ணை. சும்மா கதைக்கினம். அதுசரி, வெள்ளையளும் உங்களைக் கலைச்சு விடப் போகினமாமே?"

"என்னை ஒருத்தரும் எங்கையிருந்தும் கலைச்சதில்லை, இந்திரகுமார். மன்னாரிலை இருந்தும் நான் கதவைப் பூட்டி, திறப்பைப் பொக்கற்றிலை போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டனான்."

திரும்பி நடக்கையில் கூக்கபராவின் வாசலில் நின்றேன். முதல் தடவையாக வேண்டுமென்றே நின்று பார்த்தேன். உள்ளே அந்த வெள்ளிக்கிழமை கண்டவர்களை யோசித்தேன். கழிவறைக் கொளுக்கி, நாய், பிள்ளைகளின் கிரிக்கெட், ஒலிவ் காய். தங்கள் இடத்தை ஒழுங்கு மாறாமல் காக்க நிற்கும் சனம். எங்கள் கோயில் திருவிழாக் கூட்டத்தில் பந்தல் எந்தப் பக்கம் என்று அடிபடுகிறவர்களும் இவர்களும் ஒரு சாதி மனிதர்தான். இப்படிப்பட்டவர்கள் ஒருவனைக் குறித்துத் தவறாக நினைத்தால், அதை நேருக்கு நேர் தீர்க்கலாம். ஆனால் நோன்பு முடிய வேண்டும்.

ஈஸ்ரர் வந்தது. செவ்வாய்க்கிழமை சாவி கைமாறியது. புதன்கிழமை கழிவறைக் கதவுக்குக் கொளுக்கி போட்டாள் டிலக்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கோட்டை எடுத்துப் போட்டேன்.

"எங்கை வெளிக்கிடுறியள்?" என்றாள் பற்றிமா.

"என்ரை தட்டத்தை எடுக்க."

"எந்தத் தட்டம்?"

"வெண்ட தட்டம்."

அவள் உள்ளே போய்த் தன் நல்ல சேலையை உடுத்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போனபோது கூட்டம் தொடங்கிவிட்டது. டிலக்சி கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். கையில் துணி, ஆனால் எதையும் துடைக்கவில்லை. விவேக் அவளுக்குப் பக்கத்தில். நோயல் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்: "அந்தப் பிள்ளையிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பிள்ளை. ஆனால் ஒரு இடம் மாறத் தொடங்கினால் எங்கை நிக்கும் எண்டு தெரியாது. முதல் இறைச்சி போகும், பிறகு நாய் போகும், பிறகு நாங்கள் போவம். ஆகவே போறதெண்டால் மரியாதையாய் இப்பவே போவம். கையை உயர்த்திறவை..."

"ஒரு நிமிடம்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் நோயலுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன். "என் பெயர் சூசைதாசன். டிலக்சியின் தகப்பன்."

அவர் கையைப் பிடித்தார். "நோயல்."

"மிஸ்டர் நோயல், கை உயர்த்துவதற்கு முன்னர் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். போன தடவை நான் ஒரு தட்டம் வென்றேன். நீலம், எழுபத்தொன்று. அது எங்கே?"

பந்தயத் தொலைக்காட்சிக்காரரும் இந்தத் தடவை திரும்பினார்கள்.

நோயல் கண்ணைச் சிமிட்டினார். "நீங்கள் வேண்டாமெண்டியள்."

"வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொட முடியாது என்றேன். அது தவக்காலம். எங்கள் வீட்டில் ஈஸ்ரர் வரை இறைச்சி தொடுவதில்லை, அதைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஈஸ்ரர் முடிந்துவிட்டது. இப்போது சொல்லலாம், தொடலாம். என் தட்டம் எங்கே?"

"நான் திண்டிட்டன்," என்றார் நோயல்.

"முழுவதையுமா?"

"சோசேஜ் டச்சஸுக்கு."

நாய் தன் பெயர் கேட்டு வாலை ஆட்டியது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். நோயல் நாடியைத் தடவினார். "லென்ற்," என்றார். தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "கடவுளே, லென்ற். அம்மா எங்களுக்கு நாப்பது நாளும் தகரத்து மீனைத்தான் தந்தவ. பள்ளிக்கூடத்திலை ஒருத்தன் சோசேஜ் றோல் தந்ததுக்கு எனக்குச் செவிட்டிலை விழுந்தது. ஆரெண்டாலும் கேட்டால் பசியில்லை எண்டு சொல்லச் சொன்னவ. நோன்பு எண்டு சொல்லக்கூடாதாம்."

"சரியான தாய்," என்றேன்.

"ஏன் மனுசா, அண்டைக்குச் சொல்லேல்லை?"

"உங்கள் தாயைக் கேளுங்கள்."

அப்போது அறை முழுவதும் வெடித்தது. நோயல்தான் உரக்கச் சிரித்தார். ஷெரில் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காசுப்பையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"பகிடி இருக்கட்டும். குலுக்கல் என்ரை பொறுப்பு. வெண்டவர் வேறை ஆருக்கும் குடுக்கச் சொன்னால், அல்லது வீட்டை போயிட்டால், வேறை சீட்டு எடுக்கலாம். அதுதான் எப்பவும் எங்கடை ஒழுங்கு. இவர் ரெண்டும் செய்யேல்லை. லைற் அணைக்கும் மட்டும் அந்தக் கதிரையிலை மரம் மாதிரி இருந்தவர். நான் அவசரப்பட்டு வேறை சீட்டு எடுத்தது பிழை. நோயல், நீ திண்டது இவற்றை இறைச்சி."

"சரி," என்றார் நோயல். உடனேயே சொன்னார், ஒரு கணமும் மறுக்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்தது. "இண்டையான் தட்டம் இவருக்கு. இண்டைக்கு வெல்லுறவருக்கு நாளைக்கு நான் வாங்கிக் குடுக்கிறன்."

டிலக்சி துணியைக் கீழே வைத்தாள். "நோயல், கூட்டம் என்ன மாதிரி? கை உயர்த்தப் போறியளோ?"

நோயல் சுற்றிப் பார்த்தார். "என்னத்துக்கு? நோன்பு முடிஞ்ச கையோடை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறைச்சியைக் கேக்கிற குடும்பம் இஞ்சை இருந்து இறைச்சியை எடுக்கப் போகுதே? நான் சொன்னதைத் திரும்பி எடுக்கிறன். ஆருக்கும் போகவேணும் எண்டிருந்தால் பௌலிங் கிளப் அந்தப் பக்கம்."

யாரும் போகவில்லை. ஒருவர் மட்டும் விவேக்கைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இவர்? இவருக்கு நோன்பு எப்ப முடியும்?"

"எனக்கு முடியவே முடியாது," என்றார் விவேக். "நான் பொறந்ததுலேர்ந்து சைவம். ஆனா உங்க பியரை நான்தான் கணக்குப் பண்றேன், அதனால என்கிட்ட மரியாதையா இருங்க."

அவரை முதுகில் தட்டினார்கள். ஷெரில் தட்டத்தைக் கொண்டு வந்தார். நான் எழுந்து, இரண்டு கையாலும் வாங்கினேன். இந்தத் தடவை கைதட்டல் நீண்ட நேரம் நிற்கவில்லை. தட்டம் பாரம்தான், ஆனால் நான் அதைக் கதிரையில் வைக்கவில்லை. பற்றிமா குனிந்து பார்த்தாள். "பண்டி இறைச்சியும் கிடக்கு. நாளைக்குக் கறி வைக்கலாம். மிளகாய்த்தூள் காணுமோ தெரியாது." அதை விவேக் ஷெரிலுக்கு ஆங்கிலத்தில் சொல்ல, கூக்கபராவிலும் அப்படியொரு கறி கிடைக்குமா என்று ஷெரில் கேட்டார். புதன்கிழமைகளில் என்று டிலக்சி உடனே சொல்லிவிட்டாள். அது அவளுடைய தொழில்.

வாசலுக்கு வந்ததும் மேலே பார்த்தேன். றொஸ்ஸின் பெயர் இருந்த இடத்தில் பலகை காலியாக இருந்தது. பழைய எழுத்துகளின் அடையாளம் மட்டும் வெளிறித் தெரிந்தது. டிலக்சி எங்களை வழியனுப்ப வந்து பின்னால் நின்றாள்.

"மகாதேவன் எண்டுதான் எழுதப் போறியோ?" என்றேன்.

"அவரும் வேண்டாமெண்டிட்டார். எழுத்துக்காரன் திங்கட்கிழமை வாறான். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"மகாதேவனுக்குத் துணிவில்லாட்டி நான் என்ன செய்யிறது? என்ரை பெயரைப் போடு. முழுசாய்ப் போடு. ஒரு எழுத்தும் குறையக்கூடாது."

"அப்பா, நீங்கள்தானே ஏறாது எண்டனீங்கள்?"

"எனக்குத் தெரியாத இடத்திலை ஏறாது எண்டனான். இப்ப எனக்கு இந்த இடத்தைத் தெரியும். இஞ்சை எனக்கு வரவேண்டியது வந்திருக்கு. அதைச் சொந்தச் சனத்திட்டை வாங்கவே சில வேளை வருசக்கணக்காகும்."

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியதாகப் பற்றிமா பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை, தட்டத்தைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது வாசலில் பெயர் இருக்கிறது. வெள்ளை எழுத்து, பச்சைப் பலகை. ஸ்ரேசனுக்குப் போகும் எங்கள் சனம் நிமிர்ந்து வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும். நான் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். என் கதிரை ஒன்று அங்கே இருக்கிறது. நோயலுக்கு இஞ்சி பியரில் விருப்பமில்லை, எனக்கு அவருடைய பியரில் விருப்பமில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

இந்திரகுமாரின் கடையில் இன்னும் ஒரு கதை ஓடுகிறது. சூசைதாசன் ஒரு தட்டம் இறைச்சிக்காகத் தவறணையில் வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்து, மேசையில் அடித்து, பறித்துக்கொண்டு வந்தாராம். நான் சண்டை பிடிக்கவில்லை. என்னுடையதைக் கேட்டேன். தந்தார்கள்.